தீராத் தாகத்தின் வம்சாவளி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் தாலுகாவின் எல்லைக் கிராமங்களில், ஒரு வீட்டின் கோடைகாலக் கணக்கு குடத்தில்தான் தொடங்கும். குழாயில் எத்தனை குடம் வந்தது, லாரி எத்தனை குடம் தந்தது, மாட்டுக்கு எவ்வளவு, சமையலுக்கு எவ்வளவு. கேரளம் என்றதும் மனதில் வரும் மழை இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. மாநிலத்தின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். ஆனைமலைத் தொடரின் மழை மறைவில் கிடக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பகுதிகளுக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. அதே மலைத் தொடரின் தெற்கே, இடுக்கி மாவட்டத்து மறையூருக்குக் கீழே இருக்கும் சின்னாறு காட்டில் இன்னும் மோசம்: சுமார் 500 மில்லிமீட்டர்தான். இரண்டு இடங்களிலும் வீட்டுப் பேச்சு பெரும்பாலும் தமிழ். பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் மலையாளம் கலந்துவிடும். தண்ணீர்க் கவலைக்கு மொழி வித்தியாசம் கிடையாது.

இப்படிப்பட்ட ஓர் ஊரில், ஒரு வீட்டில், நாலு வயதுப் பையன் ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அவன் ஒரு நாளில் எட்டு லிட்டர், பத்து லிட்டர் தண்ணீர் குடிக்கிறான். பாலைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் கேட்கிறான். அதுவும் ஜில்லென்று வேண்டும். குளிக்க வைத்த தண்ணீரை அள்ளிக் குடிக்கிறான். குடித்ததெல்லாம் தெளிந்த நீராகவே வெளியேறுகிறது. இரவில் நாலு தடவை எழுந்திருக்கிறான். எழுந்திருக்காத நாளில் பாய் நனைகிறது. "போதும் கண்ணு, ராத்திரியில இத்தன தண்ணி குடிச்சா பாய் நனையாம என்ன செய்யும்?" என்று ஆத்தா செம்பை எடுத்து எட்டாத இடத்தில் வைத்துவிடுகிறாள். அவள் பேரன் மேல் உயிரையே வைத்திருப்பவள். ஆனால் அந்தச் செம்பை எடுத்து வைத்த நிமிடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது.

டாக்டரிடம் போனால் முதலில் சர்க்கரையைச் சோதிப்பார்கள். அதிகத் தாகம், அதிகச் சிறுநீர் என்றால் யாருக்கும் அந்த நினைப்புதான் வரும். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கிறது, சிறுநீரிலும் இல்லை. 'ஒன்றுமில்லை, பழக்கம்தான்' என்று சொல்லி அனுப்பிவிடவும் வாய்ப்புண்டு. ஆனால் இந்த நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது: டயாபட்டீஸ் இன்சிபிடஸ். 'டயாபட்டீஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'ஊடாகப் பாய்ந்து ஓடுவது' என்று பொருள். 'இன்சிபிடஸ்' என்றால் ருசியற்றது. டாக்டர்கள் நோயாளியின் சிறுநீரை நாக்கில் வைத்துப் பார்த்த காலத்துப் பெயர் இது. தேன் போல இனித்தால் 'மெலிடஸ்', அதாவது சர்க்கரை நோய். ருசியில்லாமல் வெறும் தண்ணீராக இருந்தால் 'இன்சிபிடஸ்'.

நம் நாட்டு வைத்தியர்களும் இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். ஆயுர்வேத நூல்கள் சொல்லும் இருபது வகை மேக நோய்களில் மதுமேகம் ஒன்று, தண்ணீர் போலவே சிறுநீர் போகும் உதகமேகம் இன்னொன்று. தமிழில் வேறு ஒரு வேடிக்கை. 'நீரிழிவு' என்ற சொல்லை நாம் சர்க்கரை நோய்க்குக் கொடுத்துவிட்டோம். இழிதல் என்றால் இறங்கி ஓடுதல். நீர் இறங்கி ஓடுவதுதான் நீரிழிவு என்றால், அந்தப் பெயருக்கு முழு உரிமை இந்த ருசியற்ற நோய்க்குத்தான். பெயரைப் பறிகொடுத்ததால் இது ஊரில் பெயரே இல்லாத நோயாகிவிட்டது.

இது அபூர்வமான நோய். சுமார் 25,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. தலையில் அடி, மூளைக் கட்டி, அறுவைச் சிகிச்சை, மனநோய்க்குத் தரும் லித்தியம் மருந்து என்று பிறப்புக்குப் பின்னால் வரும் காரணங்களே அதிகம். பரம்பரையாக வருவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அந்தச் சிறிய பங்கில் விழும் குடும்பத்துக்கு அது ஒருவரின் நோயாக இருப்பதில்லை, ஒரு வம்சத்தின் நோயாகிவிடுகிறது.

உடம்பு தண்ணீரைக் காப்பாற்றும் விதம் சித்தூர் விவசாயிக்குச் சட்டென்று புரியும். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் புழைக்கு வந்தாக வேண்டும். மதகைத் திறக்க மேலேயிருந்து உத்தரவு வர வேண்டும், அந்த உத்தரவு மதகடியில் இருப்பவர் காதில் விழ வேண்டும், மதகும் துருப்பிடிக்காமல் நகர வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் வயல் காயும்.

சிறுநீரகத்திலும் இதே கதைதான். ஒரு நாளில் இரண்டு சிறுநீரகங்களும் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர் தவிர மீதியெல்லாம் உடம்புக்கே திரும்பிவிடுகிறது. திரும்பும் நீரின் கடைசிப் பங்கை ஒரு ஹார்மோன் ஆள்கிறது. பெயர் வாசோப்ரஸின். ஒன்பதே அமினோ அமிலங்கள் கொண்ட சிறு சங்கிலி அது. மூளையின் அடிப்பாகமான ஹைப்போதாலமஸில் உருவாகி, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதி வழியாக ரத்தத்தில் கலக்கிறது. 'தண்ணீரைப் பிடித்து வை' என்பது அது கொண்டுபோகும் உத்தரவு. சிறுநீரகக் குழாயின் செல்களில் அந்த உத்தரவைக் கேட்கும் ஏற்பி ஒன்று இருக்கிறது. கேட்டதும் அக்வாபோரின்-2 என்ற நீர்க் கால்வாய்கள் செல்லின் மேற்பரப்புக்கு வந்து நிற்கும், நீர் உடம்புக்குள் திரும்பும். உத்தரவு, காது, மதகு. மூன்றுக்கும் தனித்தனி மரபணு. எது பழுதானாலும் வெளியே தெரிவது ஒரே தாகம்தான். உள்ளே இருப்பவை மூன்று வெவ்வேறு நோய்கள்.

முதலாவது, உத்தரவே வராத வகை. 1884ல் அடால்ஃப் வைல் என்ற ஜெர்மன் டாக்டர் ஒரு குடும்பத்தின் நாலு தலைமுறைகளைப் பட்டியலிட்டார். 91 பேரில் 23 பேருக்குத் தீராத தாகம் இருந்தது. ஆண், பெண் பேதமில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு. நூறு ஆண்டுகளுக்குப் பிறகுதான், 1990களில், காரணம் தெளிவானது. 20ஆம் குரோமோசோமில் இருக்கும் ஏ.வி.பி. என்ற மரபணுவில் ஓர் எழுத்துப் பிழை. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒரு பிரதி நன்றாக இருக்கும்போது ஏன் நோய் வர வேண்டும்? பிழையான பிரதியிலிருந்து உருவாகும் புரதம் சரியாக மடிவதில்லை. அது செல்லைவிட்டு வெளியே போக முடியாமல் உள்ளேயே தேங்கி, ஹார்மோன் தயாரிக்கும் அந்த நரம்பு செல்லையே மெல்ல மெல்லக் கொன்றுவிடுகிறது. அதனால்தான் இந்த வகைக் குழந்தை பிறக்கும்போது மற்றக் குழந்தைகளைப் போலவே இருக்கிறது. தாகம் சில மாதங்கள், பெரும்பாலும் சில ஆண்டுகள் கழித்தே தலைகாட்டுகிறது. 'நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தான்' என்று வீட்டார் சொல்வது பொய்யில்லை.

இரண்டாவது, உத்தரவு வந்தும் காது கேட்காத வகை. பிறவியிலேயே சிறுநீரகத்தால் வரும் இந்த நோயில் பத்தில் ஒன்பது பேர் இந்த வகைதான். இதன் கதை ஒரு சாபத்தில் தொடங்குகிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் வழங்கிவந்த கதை அது. ஸ்காட்லாந்தில் ஒரு நாடோடிப் பெண் தாகத்தால் தவிக்கும் மகனோடு ஒரு வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டாள். வீட்டுக்காரி இல்லையென்று விரட்டினாள். 'உன் ஆண் பிள்ளைகள் தண்ணீருக்குத் தவிக்கட்டும், உன் பெண்கள் வழியாக இந்தச் சாபம் தலைமுறை தலைமுறையாகத் தொடரட்டும்' என்று சபித்துவிட்டுப் போனாள் அந்தப் பெண்.

கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பதைப் புண்ணியமாக நினைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அதில் இருக்கும் துல்லியம் ஆச்சரியமானது. நோய் ஆண்களிடம் தெரியும், பெண்கள் வழியாகக் கடக்கும். பாட புத்தகம் எக்ஸ் குரோமோசோம் வழி மரபு என்று சொல்வதை, குரோமோசோம் என்ற சொல்லே தெரியாத மக்கள் பார்த்துப் பார்த்துக் கதையாக்கி வைத்திருக்கிறார்கள்.

1969ல் போடே, க்ராஃபோர்ட் என்ற இரண்டு டாக்டர்கள் இதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். 1761ல் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்து 'ஹோப்வெல்' என்ற கப்பலில் நோவா ஸ்கோஷியாவுக்கு வந்து இறங்கியவர்களின் சந்ததிதான் வட அமெரிக்காவில் இந்த நோய் உள்ள பெரும்பாலோர் என்றார்கள். ஒரு கப்பல், ஒரு மூதாதை, ஒரு சாபம். கச்சிதமான கதை. 1992ல் அந்தக் காதுக்குரிய மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. எக்ஸ் குரோமோசோமின் நுனியில் இருக்கும் அதன் பெயர் ஏ.வி.பி.ஆர்.2. மறு ஆண்டு மான்ட்ரியாலின் டானியல் பிஷேயும் அவர் குழுவினரும் பல குடும்பங்களின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது கதை பாதி உடைந்தது. நோவா ஸ்கோஷியா குடும்பங்களில் ஒரே பிழை இருந்தது உண்மை. 371 அமினோ அமிலங்கள் நீளவேண்டிய ஏற்பி 71ஆம் இடத்திலேயே நின்றுபோயிருந்தது. ஆனால் வட அமெரிக்காவின் மற்றக் குடும்பங்களில் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பிழை. அவர்களுக்கும் கப்பலுக்கும் சம்பந்தமில்லை. அதன்பின் உலகின் பல நாடுகளிலும் இந்த மரபணுவில் நூற்றுக்கணக்கான பிழைகள் கண்டறியப்பட்டுள்ளன. எந்த ஊரிலும், எந்த சாதியிலும், யாருக்கும் சாபமிடாத எந்தக் குடும்பத்திலும் இது புதிதாக முளைக்கலாம்.

மூன்றாவது, மதகே நகராத வகை. 12ஆம் குரோமோசோமில் உள்ள அக்வாபோரின்-2 மரபணுவின் பழுது. 1994ல் மனிதரில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. நீர்க் கால்வாய்களைக் கண்டுபிடித்ததற்காக அமெரிக்காவின் பீட்டர் ஆக்ரே 2003ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த வகை பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் தலைகாட்டும். இருவருமே நோயில்லாதவர்களாக, பிழையை மறைவாகச் சுமப்பவர்களாக இருப்பார்கள். ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

இந்த இடத்தில்தான் எல்லைப்புறத்து உறவுமுறைகள் கதைக்குள் நுழைகின்றன. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று முறைப் பெண்ணையும் முறை மாப்பிள்ளையையும் தேடும் வழக்கம் தமிழர்களிடம் இன்னும் போய்விடவில்லை. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த மறைவான பிழை இரண்டு கிளைகளில் இறங்கி ஒரு தொட்டிலில் சந்திப்பது அப்படித்தான். வுல்ஃப்ரம் நோய் என்ற இன்னொரு பரம்பரை நோயும் இதே வழியில் வருகிறது. அதில் சிறு வயதில் சர்க்கரை நோய், பிறகு பார்வை நரம்பு நலிவு, அடுத்து ருசியற்ற இந்த நோய், காது கேளாமை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இனிப்பான டயாபட்டீஸும் ருசியற்ற டயாபட்டீஸும் ஒரே உடம்பில் சேர்ந்துவிடுவதால், ஏற்கெனவே சர்க்கரை உள்ள பிள்ளைக்குத் தாகம் மிஞ்சும்போது இரண்டாவது நோயை யாரும் சந்தேகிப்பதில்லை.

மறைவாகச் சுமப்பது என்ற கருத்து பாலக்காட்டுக்குப் புதிதல்ல. அதே மாவட்டத்தின் அட்டப்பாடிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் ரத்தசோகை இருக்கிறது. இந்தியாவில் அந்த நோயின் முதல் தடயம், 1952ல் பக்கத்து நீலகிரியின் பழங்குடியினரிடம்தான் கண்டறியப்பட்டது. யார் நோயாளி, யார் வெறும் சுமப்பவர் என்று பிரித்துச் சொல்லும் வேலையை அங்கே சுகாதாரப் பணியாளர்கள் செய்துவருகிறார்கள். தாக நோய்க்கு அப்படித் திட்டம் எதுவும் தேவையில்லை, அவ்வளவு பேருக்கு அது இல்லை. தேவைப்படுவது ஒரு கேள்வி: இந்தக் குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா?

தமிழ்க் குடும்பத்தில் அந்தக் கேள்விக்கு இயல்பான வடிவம் உண்டு: தாய்மாமனுக்கு இருந்ததா? காது கேட்காத வகையில் பையனுக்கு நோய் தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாகவே வருகிறது. தந்தை மகனுக்கு எக்ஸைத் தருவதில்லை. எனவே தாய்மாமனுக்கோ, தாயின் தாய்மாமனுக்கோ இருந்திருந்தால் துப்பு கிடைத்துவிடும். ஆனால் இதே செய்தி அரைகுறையாக வீட்டுக்குப் போனால் விபரீதம். 'உன் வழியில வந்த வியாதி' என்று மருமகளைக் குத்திக்காட்ட ஒரு வீட்டுக்கு இவ்வளவு போதும். மகனுக்கு எந்த எக்ஸ் போகிறது என்பது காசைச் சுண்டிவிடுவது மாதிரி, பாதிக்குப் பாதி. அந்தப் பெண் எதையும் செய்யவில்லை, எதையும் செய்யாமல் விடவும் இல்லை. சில குழந்தைகளிடம் பிழை தாயிடமும் இல்லாமல் புதிதாகவே பிறக்கிறது. நோயுள்ள தாய்மாமனுக்கே அக்காள் மகளைக் கட்டிவைக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. அவளும் பிழையைச் சுமப்பவளாக இருந்துவிட்டால், ஆண்களோடு நிற்கும் இந்த நோய் பெண் குழந்தையையும் முழுமையாகப் பிடிக்கலாம்.

எந்த வகையானாலும் உயிருக்கு ஆபத்து ஒன்றுதான்: தண்ணீர் கிடைக்காமல் போவது. நாலு வயதுப் பையன் அழுது கேட்பான், செம்பைத் தேடி எடுப்பான். கைக்குழந்தை என்ன செய்யும்? காது கேட்காத வகையும் மதகு நகராத வகையும் பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கிவிடும். குழந்தை வாந்தி எடுக்கும், மலச்சிக்கலால் முக்கும், காரணமில்லாமல் காய்ச்சல் காயும், எடை ஏறாது. தாய்ப்பாலில் உப்பு குறைவு என்பதால் அதுவரை சமாளித்த குழந்தை, பசும்பாலுக்கு மாறியதும் வாடிவிடும். கிருமித் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். ரத்தத்தில் சோடியம் ஏறி ஏறி, திரும்பத் திரும்ப இப்படி வறண்டால் மூளை பாதிக்கப்படும். முன்பெல்லாம் இந்த நோயுள்ள பிள்ளைகள் மந்தபுத்திக்காரர்கள் என்றே எழுதி வைத்தார்கள். அது மரபணுவின் வேலையல்ல, நேரத்தில் கிடைக்காத தண்ணீரின் வேலை என்பது பின்னால் தெரிந்தது. நேரத்தில் கண்டுபிடித்து நீர் கொடுத்த குழந்தைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே படித்து முன்னேறுகிறார்கள்.

பெரியவர்களுக்கும் இதே கதி நேரலாம். 2009ல் லண்டன் மருத்துவமனை ஒன்றில், இந்த நோயுள்ள 22 வயது இளைஞர் ஒருவர் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குச் சேர்ந்தார். அவருக்கு நோய் வந்தது பரம்பரையால் அல்ல, மூளைக் கட்டியால். உயிர் காக்கும் ஹார்மோன் மாத்திரை அவருக்குத் தரப்படவில்லை. தாகம் தாங்காமல் படுக்கையிலிருந்தே போலீசுக்குப் போன் செய்தார். வந்த போலீசாரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் நீர் வறட்சியால் அவர் இறந்தார். 'டயாபட்டீஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் சர்க்கரையை மட்டும் சோதித்துவிட்டு மருந்தை நிறுத்திவைக்கும் தவறு பல நாடுகளில் நடந்திருக்கிறது. அதனால் 2022ல் உலகின் ஹார்மோன் நிபுணர் சங்கங்கள் சேர்ந்து இந்த நோய்க்குப் பெயரையே மாற்றின. உத்தரவு வராத வகை இனி 'ஆர்ஜினைன் வாசோப்ரஸின் குறைபாடு'. காதோ மதகோ பழுதான வகை 'ஆர்ஜினைன் வாசோப்ரஸின் எதிர்ப்பு'.

பெயரைப் பிரிப்பது வெறும் அகராதி வேலையல்ல, மருந்தே வேறு. உத்தரவு வராதவருக்கு உத்தரவைக் கொடுத்தால் போதும். 1913லேயே ஜெர்மனியிலும் இத்தாலியிலும் டாக்டர்கள் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டு நோயாளிகளின் சிறுநீரைக் குறைத்துக் காட்டினார்கள். இன்று டெஸ்மோப்ரஸின் என்ற செயற்கை ஹார்மோன் மாத்திரையாகவும் மூக்கில் அடிக்கும் மருந்தாகவும் கிடைக்கிறது. பையன் இரவு முழுக்கத் தூங்குவான். காதோ மதகோ பழுதானவருக்கு அதே மருந்தால் பெரிய பலனில்லை. அவர்களுக்கு உதவுவது, வினோதமாக, சிறுநீரை அதிகமாக்கும் தயாசைடு மாத்திரை. 1959ல் வெளிவந்த இந்த முரண்பாடான கண்டுபிடிப்பிலும் அதே க்ராஃபோர்டுக்குப் பங்கு உண்டு. உணவில் உப்பைக் குறைத்து, இந்த மாத்திரையும் கொடுத்தால் சிறுநீர் கணிசமாகக் குறையும். ஊறுகாயும் அப்பளமும் எட்ட நிற்க வேண்டும், தண்ணீர் எப்போதும் கிட்டவே இருக்க வேண்டும்.

கண்டுபிடிக்கும் முதல் படிக்குப் பெரிய கருவி வேண்டாம். 24 மணி நேரச் சிறுநீரை அளப்பது, அதன் அடர்த்தியைப் பார்ப்பது, ரத்தத்தில் சோடியம், சர்க்கரை பார்ப்பது ஆகியவை தாலுகா ஊரிலேயே முடியும். தண்ணீரை நிறுத்திவைத்துச் செய்யும் சோதனையை மட்டும் ஆஸ்பத்திரியில், டாக்டரின் கண் முன்னேதான் செய்ய வேண்டும். வீட்டில் யாரும் முயன்று பார்க்கக் கூடாது. எந்த மரபணு என்று அறிய சித்தூர்க்காரர்கள் கோவைக்கோ, இரண்டு மாவட்டத்தாரும் திருவனந்தபுரத்துக்கோ வேலூருக்கோ ரத்த மாதிரியுடன் ஒருமுறை போய்வர வேண்டியிருக்கும். ஒருவருக்குத் தெரிந்துவிட்டால் அந்தக் குடும்பத்தில் அடுத்துப் பிறக்கும் குழந்தையை முதல் வாரத்திலேயே பார்த்துவிடலாம். மூளை காயும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தண்ணீரை எண்ணிச் செலவிடும் வீட்டில் ஒரு பிள்ளை மட்டும் அரைக் குடத்தைத் தனியாகக் குடித்துத் தீர்ப்பது எரிச்சலைத் தராமல் இருக்காது. பள்ளிக்கூடத்தில் அடிக்கடி வெளியே போகக் கேட்பவனை வாத்தியார் நம்பவும் மாட்டார். நோயின் பெயரை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி வீட்டில் இருக்கிறது. ஆத்தா அந்தச் செம்பை எட்டாத இடத்திலிருந்து எடுத்து, நிரப்பி, பேரனின் பாய்க்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.